வெயிலுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை தான் முடியும்னா எதைச் செய்றது: வெள்ளை அடிக்கிறதா, ஷேட் நெட்டா, கொடியா, தண்ணி தெளிக்கிறதா?

போன வெயில்ல நான் பண்ண தப்பு எல்லாத்தையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சது தான். மொட்டை மாடியில 22 தொட்டி, அதுக்கு நேர் கீழ நாங்க படுக்குற ரூம், ரெண்டும் வெந்துட்டு இருக்கு, சரின்னு நெட் வாங்கினேன், வெள்ளை பெயிண்ட் விசாரிச்சேன், டிரிப் கிட் (சொட்டு நீர் செட்) ஒண்ணு வாங்கி வச்சேன், மேற்கு ஜன்னல் ஓரமா கொடி விதையும் ஊனினேன், கடைசியில கட்டின நெட் ஒரு காத்துல கம்பத்தோட சாய்ஞ்சுடுச்சு, டிரிப் டப்பா பிரிக்காமலே கிடந்துச்சு, கொடி முளைச்சு நாலு இலை விடுறதுக்குள்ள வெயில் காலமே முடிஞ்சு போச்சு. பெயிண்ட் மட்டும் விசாரிச்சதோட நின்னுச்சு, அதுல நஷ்டம் இல்ல.

இந்த தடவை கொஞ்சம் நிதானமா ஒண்ணை ஒண்ணோட வச்சுப் பார்த்தேன். கேள்வி இது தான், கையில ஒரு ஞாயித்துக்கிழமையும் ஒரு ஏணியும் மட்டும் இருக்குன்னா முதல்ல எதுல இறங்குறது. உங்க வீட்டுக் கணக்கு வேறயா இருக்கலாம், அதனால எனக்கு எது சரியா வந்துச்சுங்கறதோட ஏன் சரியா வந்துச்சுன்னும் சொல்லிடறேன்.

வெளிக்காத்து சுடுது, அதனால வீடு சுடுதுன்னு தான் நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன். அது பாதி தான். மேகம் இல்லாத நாள்ல உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1000 வாட் இறக்குது, அதாவது ஒரு அயர்ன் பாக்ஸ் ஃபுல்லா ஓடுற அளவு. 10க்கு 12 அடி ரூமோட கூரை சுமார் 11 சதுர மீட்டர் வரும், அப்ப 11 அயர்ன் பாக்ஸை வரிசையா மாடியில கவுத்து வச்சுட்டு மதியம் பூரா மறந்துட்டு போன மாதிரி. கான்கிரீட் அந்த சூட்டை உடனே கீழ விடாது, குடிச்சு வச்சுக்கிட்டு இருட்டினதுக்கு அப்புறம் மெதுவா கக்கும், அதான் ராத்திரி பத்து மணிக்கு வெளிய காத்து ஜில்லுனு வீசும்போது கூட உள்ள ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். அதனால வெயிலை வெளியிலயே நிறுத்துற வேலைக்குத் தான் முதல் மார்க், உள்ள வந்ததை துரத்துற ஃபேன் ஏசி எல்லாம் அதுக்கு அப்புறம் தான். தொட்டிச் செடிக்கும் இதே கணக்கு தான், இலையை விட தொட்டி தான் முதல்ல சுடும், வேர் அதுக்குள்ள தான் மாட்டிக்கிட்டு இருக்கு.

சரி, நாலையும் பார்ப்போம்.

கூரைக்கு வெள்ளை. புதுசா அடிச்ச நல்ல வெள்ளை, விழுற வெயில்ல 80 சதவீதம் பக்கம் திருப்பி அனுப்பிடும். வயசான சிமெண்ட் தளம் கால்வாசி திருப்பி அனுப்பினாலே பெருசு, கருப்பு தார் ஷீட் போட்ட கூரை அது கூட செய்யாது, கோடை மதியம் 65 டிகிரி வரைக்கும் ஏறும், அதே இடத்துல வெள்ளை இருந்தா 25 டிகிரிக்கு மேல வித்தியாசம் தெரியும். இதை நம்ப தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க பாதி மாடி அடிச்சு பாதி விட்டு வச்சிருந்தாங்க, மதியம் ரெண்டு மணிக்கு செருப்பைக் கழட்டிட்டு அந்த கோட்டுல ஒரு கால் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் வச்சுப் பாருன்னாங்க. வெள்ளைப் பக்கம் கால் நின்னுச்சு. சிமெண்ட் பக்கம் வச்ச காலை மூணு எண்றதுக்குள்ள எடுத்துட்டேன்.

குறையும் இருக்கு. தூசி படிஞ்சா, பாசி புடிச்சா அந்த 80 அப்படியே இருக்காது, வருஷத்துக்கு ஒரு தடவையாவது தேய்ச்சுக் கழுவணும். சாதா சுண்ணாம்பு நல்லாவே வேலை செய்யும், ஆனா ஒரு மழைக்காலம் தாங்குறதே கஷ்டம், கூரைக்குன்னே வர்ற பெயிண்ட் அதை விட பல மடங்கு நாள் நிக்கும். விரிசலை அடைக்காம மேல அடிச்சா பிரயோஜனம் இல்ல, கொதிக்கிற தளத்துல மதியம் அடிச்சா பிரஷ் இழுக்குற முன்னாடியே காஞ்சு பின்னாடி செதில் செதிலா உரியும், அதிகாலை இல்லன்னா சாயங்காலம் தான் அடிக்கணும். நனைஞ்சா வழுக்கும், கண்ணைக் கூசும். முக்கியமா செடிக்கு இதனால ஒண்ணும் கிடையாது, சொல்லப் போனா கீழ இருந்து அடிக்கிற வெளிச்சம் இலைக்கு அடியிலயும் போய் அடிக்கும். அப்புறம் இது மேல் மாடிக்காரங்க சமாச்சாரம், உங்க தலைக்கு மேல இன்னொரு வீடு இருக்குன்னா இந்தப் பத்தியை மறந்துடுங்க.

ஷேட் நெட். இது ஒண்ணு தான் செடி, ரூம் ரெண்டையும் ஒரே கயித்துல கட்டுது. தொட்டிக்கு நிழல், தளத்துக்கும் நிழல். ஆனா எத்தனை பர்சென்ட் வாங்குறதுங்கறதுல தான் முக்காவாசி பேர் கோட்டை விடறோம், நானும் விட்டேன். 35, 50, 75, 90ன்னு வரும், அந்த நம்பர் எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுங்கறது. வெயில் கடுமையா இருக்கே, அதிகமா மறைச்சா நல்லது தானேன்னு 90 வாங்கினேன். மூணு வாரத்துல மிளகாய்ச் செடி எல்லாம் ஒல்லியா நெட்டையா வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமா சாய்ஞ்சு நின்னுச்சு, பூ ஒண்ணு கூட வைக்கல. காய்கறிக்கு 35 இல்லன்னா 50, அதுக்கு மேல வேண்டாம். 75, 90 எல்லாம் வண்டி நிறுத்த, நாற்காலி போட்டு உக்கார, நிழல்ல வளர்ற இலைச் செடிக்கு.

இன்னொண்ணு உயரம். ஷேட் நெட்டை செடிக்கு ஒட்டி தாழ்வா கட்டினா அதுக்கு அடியில சூடு அடைஞ்சு நிக்கும், கருப்பு நெட்னா அதுவே சூடாகி கீழ சூட்டை இறக்கும், தலை இடிக்காத உயரத்துக்கு மேல கட்டி நாலு பக்கமும் காத்து போக விடணும். காத்துன்னதும் ஞாபகம் வருது, நெட்ங்கறது பாய்மரம் மாதிரி, காத்தைப் புடிச்சுக்கும். நான் போன வருஷம் நாலு மூலையில மட்டும் பிளாஸ்டிக் கயிறு போட்டு இழுத்துக் கட்டிட்டு ரொம்ப டைட்டா இருக்குன்னு பெருமைப்பட்டேன், கோடை மழைக்கு முன்னாடி வர்ற அந்த முரட்டுக் காத்து வந்தப்ப கயிறு அறுந்திருந்தாக்கூட பரவால்ல, அறுகாம கம்பத்தையே தொட்டியோட சாய்ச்சுடுச்சு. இப்ப ஓரம் மடிச்சு, உள்ள ஒரு கயிறு ஓடவிட்டு, அடிக்கு ஒரு கட்டு போட்டிருக்கேன், ஒரு பக்கம் மட்டும் சட்டுனு இழுத்தா அவுந்து வர்ற முடிச்சு. வானம் கருத்தா அந்தப் பக்கத்தை அவுத்து விட்டுட்டு கீழ ஓடிடலாம்.

கொடி. எனக்குப் பிடிச்சது இது தான், ஆனா இந்த வருஷக் கேள்விக்கு இது பதில் கிடையாது. கொடியோட நிழலும் நெட்டோட நிழலும் ஒண்ணு இல்ல, இலை வெயிலை மறைக்கிறதோட தண்ணியை ஆவியாக்கி விட்டுட்டே இருக்கும், அதனால நெட் மாதிரி அது சூடாகாது, கீழ நின்னா வித்தியாசம் உடம்புக்கே தெரியும். பந்தல் போட்டு பீர்க்கு, பாகல் ஏத்தி விட்டா காயும் வரும். பிரச்சனை நேரம் தான், விதை போட்டு கொடி படர்ந்து பந்தலை மூடுறதுக்கு குறைஞ்சது ரெண்டு மாசம், வெயில் உச்சத்துக்கு வந்ததுக்கு அப்புறம் விதை ஊனுறது தாகம் எடுத்ததுக்கு அப்புறம் கிணறு வெட்டுற கதை. நல்லா படர்ந்த கொடி தண்ணியும் நிறைய குடிக்கும், அதையும் கணக்குல வச்சுக்கணும். எங்க சரியான இடம்னா மேற்கு சுவர், மேற்கு ஜன்னல். உச்சி வெயில் கூரைக்கு, சாயங்கால வெயில் தாழ்வா வந்து நேரா சுவத்துலயும் ஜன்னல்லயும் தான் அடிக்கும், அதை கூரை நிழல் தடுக்கவே தடுக்காது. சுவத்துல நேரா ஏத்தாம ஒரு சாண் தள்ளி கம்பி வலை கட்டி அதுல ஏத்துங்க, நடுவுல காத்து ஓடும், சுவரும் கெடாது.

ஜன்னல் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன், உள்பக்கம் கனமா கர்ட்டன் போட்டா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கண்ணாடியைத் தாண்டி வெயில் உள்ள வந்தாச்சு, அதுக்கப்புறம் கர்ட்டன் சூடாகி ரூமுக்குள்ள தான் விடும். வெளிப்பக்கம் ஒரு மூங்கில் தட்டியோ, சன்ஷேட் மாதிரி ஒரு துணியோ இருந்தா மேற்கு ஜன்னல் வழியா வர்ற வெயில் சூட்டுல முக்காவாசி வரைக்கும் குறைக்கலாம். கொடி வளர்ற வரைக்கும் நான் தட்டி தான் கட்டி வச்சிருக்கேன்.

தண்ணி தெளிக்கிறது. இதை நக்கல் பண்றவங்களும் உண்டு, நான் பண்ண மாட்டேன், ஏன்னா கணக்கு வலுவா இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 கரண்ட் யூனிட் அளவு சூட்டை இழுத்துட்டுப் போகும். 50 சதுர மீட்டர் தளத்துல 2 மில்லிமீட்டர் தண்ணி நின்னா 100 லிட்டர், அது முழுசா ஆவியானா 67 யூனிட் சூடு, சாதாரண விஷயம் இல்ல. ஆனா அந்த 100 லிட்டர் தினமும் வேணும். வெயில் காலத்துல எல்லாரும் தண்ணிக்கு அல்லாடும்போது 100 லிட்டரை தரையில ஊத்த எனக்கு மனசு வரல, அதே 100 லிட்டர் என் மொத்த செடிக்கும் ரெண்டு நாளைக்கு மேல வரும். ஈரப்பதம் ஏற்கனவே அதிகமா இருக்குற ஊர்னா ஆவியாகுறதே மெதுவா தான் நடக்கும், மேல பாசி, கீழ ஒழுகல், ரூம்ல கசகசப்பு. ரொம்ப முடியாத ஒரு சில நாள்ல சூரியன் சாய்ஞ்சதும் ரெண்டு வாளி தெளிக்கலாம், அவ்வளவு தான், அதைத் தினசரி பழக்கமா வச்சுக்குறதுக்கு நான் ஓட்டு போட மாட்டேன்.

அப்ப என் முடிவு, செடி இருக்குற மாடிக்கு நெட் தான் முதல், 50 பர்சென்ட். செடி இல்லாத வெத்து மாடின்னா யோசிக்கவே வேண்டாம், வெள்ளை தான், கட்டிப் போட வேண்டியது இல்ல, காத்துல பறக்காது. வாடகை வீடுன்னா வெள்ளைக்கு வீட்டுக்காரர் ஓகே சொல்லணும், நெட்டை போகும்போது சுருட்டி எடுத்துட்டுப் போயிடலாம். கொடி அடுத்த வருஷத்துக்கு, ஆனா விதையை வெயில் ஏறுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே ஊனிடணும்.

இனி தண்ணி விடுற விஷயம், உண்மையில செடி சாகுறதும் பொழைக்கிறதும் இதுல தான்.

நாலு வழி பார்த்தேன், கையால ஹோஸ் பைப்ல விடுறது, சொட்டு நீர், மண்பானையைப் புதைக்கிறது, எதுவும் மாத்தாம மேல மூடாக்கு மட்டும் போடுறது. இதுல மூடாக்கை மத்ததோட போட்டிக்கு விடுறதே தப்பு, அது எல்லாத்துக்கும் கூட சேரும், ஒத்தப் பைசா செலவு இல்ல. காஞ்ச இலை, வைக்கோல், தென்னை நார், எது கிடைக்குதோ அதை ரெண்டு மூணு இஞ்ச் கனத்துக்கு மண்ணு மேல பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் ரெண்டு விரல் இடம் விட்டுடணும், ஒட்டிக் குவிச்சா தண்டு அழுகும். பச்சைப் புல்லை வெட்டின கையோட கனமா போடாதீங்க, அது மக்கும்போது தானா சூடாகும், அடை மாதிரி இறுகி தண்ணியையும் உள்ள விடாது. மூடாக்கு போட்ட தொட்டியையும் போடாத தொட்டியையும் காலையில தண்ணி விட்டுட்டு சாயங்காலம் விரலை உள்ள விட்டுப் பாருங்க, நான் வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

ஹோஸ் பைப் சுலபம், ஆனா ரெண்டு கோளாறு. வெயில்ல கிடந்த பைப்புல முதல்ல வர்ற தண்ணி கொதிக்கும், கை வச்சா தெரியும், அதை நேரா செடி மேல அடிக்காம ஒரு வாளியில புடிச்சு ஆற வச்சுக்கணும். ரெண்டாவது, நாம தண்ணி விடுறது மேல் மண்ணு நனையுற வரைக்கும் தான். நல்லா காஞ்சு போன தொட்டி மண்ணு, அதுவும் தென்னை நார்த்தூளும் இலை மக்கும் நிறைய கலந்ததுன்னா, தண்ணியை ஏத்துக்கவே ஏத்துக்காது. ஓரத்துல மண்ணு சுருங்கி தொட்டிக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழுந்திருக்கும், விடுற தண்ணி பூரா அந்த சந்து வழியா சர்ருனு இறங்கி கீழ ஓட்டையில வந்துடும், நாம ஆஹா கீழ வரைக்கும் நனைஞ்சிருச்சுன்னு பைப்பை அடுத்த தொட்டிக்குத் திருப்பிடுவோம். என் கத்தரி ஒண்ணு இப்படித் தான் போச்சு, தினமும் தண்ணி விட்டு விட்டே செத்துச்சு, புடுங்கிப் பார்த்தா நடு வேர்ப்பந்து பொடி மாதிரி உலர்ந்து கிடந்துச்சு. அப்படி ஆன தொட்டியை ஒரு டப்புல தண்ணி நிரப்பி உள்ள இறக்கி வைங்க, குமிழி வந்துட்டே இருக்கும், குமிழி நின்னதும் தூக்கினா கனமே வேற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் வழக்கம் போல விடலாம்.

சொட்டு நீர் நிறைய தொட்டி இருக்குறவங்களுக்கும் அடிக்கடி வெளியூர் போறவங்களுக்கும். சொட்டு விடுற டிரிப்பர் மணிக்கு 2 லிட்டர், 4 லிட்டர், 8 லிட்டர்னு வரும், தொட்டிக்கு 2 லிட்டர் டிரிப்பர் போட்டு காலையில அரை மணி நேரம் ஓடினா ஒரு தொட்டிக்கு ஒரு லிட்டர், கணக்கு சுத்தமா இருக்கும், தண்ணியும் ஒரு சொட்டு வீணாகாது. ஆனா உப்புத் தண்ணி இருக்குற வீட்டுல இது ஒரு குழந்தையை வளர்க்குற வேலை. வெள்ளையா உப்பு படிஞ்சு ஒவ்வொண்ணா அடைக்கும், எது அடைச்சுச்சுன்னு செடி வாடினதுக்கு அப்புறம் தான் தெரியும். ஃபில்டர் கண்டிப்பா வேணும், வாரம் ஒரு தடவை லைன் கடைசியில இருக்குற எண்ட் கேப்பைக் கழட்டி தண்ணியை ஓட விட்டு கழுவணும். டைமர் போட்டுட்டு ஊருக்குப் போறவங்க முதல் ஒரு வாரம் வீட்டுல இருந்தே ஓட்டிப் பார்த்துட்டு போங்க, போற அன்னைக்கு மாட்டிட்டு ஓடாதீங்க. 22 தொட்டி, தினமும் வீட்டுல ஆள் இருக்கு, தண்ணி கொஞ்சம் உப்பு, இந்த நிலைமைக்கு எனக்கு இது தேவைப்படல. டப்பா இன்னும் பிரிக்கல.

மண்பானை முறை தான் எனக்கு இந்த வருஷத்தோட கண்டுபிடிப்பு, கண்டுபிடிப்புன்னு சொல்லக் கூடாது, சீனாவுல 2000 வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்ச முறை இது. பளபளப்பு பூச்சு, பெயிண்ட் எதுவும் இல்லாத சுட்ட மண்பானையை கழுத்து மட்டும் வெளிய தெரியுற மாதிரி மண்ணுல புதைச்சு தண்ணி நிரப்பி மூடி வச்சுடணும். பானையோட நுண்துளை வழியா தண்ணி கசியும், மண்ணு ஈரமா இருந்தா கசிவு குறையும், மண்ணு காய காய தானா இழுத்துக்கும், டைமரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம், செடிக்கு வேணும்கிறது வேணும்கிறப்ப போகும். தண்ணி மேல் மண்ணுக்கு வராததால ஆவியாகுறதும் கம்மி, களையும் கம்மி. கொஞ்ச நாள் கழிச்சு ஓரமா தோண்டிப் பார்த்தேன், வெள்ளை வேர் எல்லாம் பானையைச் சுத்தி வலை பின்னின மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, மண்ணைத் தட்டிவிட்டா கூட பிரியல.

இதுக்கும் எல்லை உண்டு. பானை சுத்தி கொஞ்ச தூரம் தான் நனையும், தூரமா இருக்குற செடிக்கு கிடைக்காது. சின்னத் தொட்டியில பானையை வச்சா வேருக்கு இடமே இருக்காது, பெரிய டிரம், தரைப் பாத்தி, நீளமான குரோ பேக் (செடி வளர்க்குற பை), இதுக்குத் தான் லாயக்கு. புதுசா நட்ட நாத்துக்கு வேர் பானையைத் தொடுற வரைக்கும் மேலயும் தண்ணி விடணும். வருஷக் கணக்குல உப்பு அடைச்சு கசிவு குறையும். மூடி இல்லாம விட்டா கொசு, அது பத்தி கீழ சொல்றேன். நான் நாலு பெரிய பேக்ல மட்டும் பானை வச்சேன், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை நிரப்புறேன், மத்ததுக்கு காலையில பூவாளி.

காலையிலயா சாயங்காலமாங்கற சண்டை எங்க வீட்டுலயே நடக்கும். காலை தான், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வேர் குடிச்சு வச்சுக்கும், இலை நனைஞ்சாலும் காஞ்சுடும். சாயங்காலம் விட்டா குத்தம் இல்ல, ராத்திரி பூரா இலை ஈரமா நின்னா தான் பூஞ்சை வரும், அதனால வேர்ல மட்டும் விடுங்க. மதியம் தண்ணி விட்டா துளி எல்லாம் பூதக்கண்ணாடி மாதிரி ஆகி இலையைக் கருக்கிடும்னு சொல்றது வழுவழுப்பான இலைக்குப் பொருந்தாது, 2010ல ஹங்கேரி ஆராய்ச்சியாளர்கள் சோதிச்சே பார்த்துட்டாங்க, மெழுகு ரோமம் துளியைத் தூக்கிப் புடிக்கிற சில இலையில மட்டும் தான் சுட்டுச்சு. ஆக செடி உயிருக்குப் போராடுதுன்னா மதியமானாலும் தண்ணி குடுங்க. ஆனா உயிருக்குப் போராடுதான்னு முதல்ல பார்க்கணும், பெரிய இலைக்காரங்க, அந்தப் பூசணி வகையறா எல்லாம், மண்ணு ஈரமா இருந்தாலும் மதியம் தலையைத் தொங்கப் போடும், சாயங்காலம் தானா நிமிர்ந்துடும். அதைப் பார்த்து பதறி ஊத்தி ஊத்தி வேரை அழுக வச்சவங்க நிறைய. காலையிலயும் தொங்கிட்டு இருந்தா தான் தாகம். விரலை ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா விட்டுடுங்க.

தக்காளிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை, பகல் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் சூடு இறங்கலைன்னா பூ பிடிக்காம கொட்டும், ஏற்கனவே பிடிச்ச பழம் கூட 30, 32க்கு மேல சிவப்பு ஒழுங்கா ஏறாம ஆரஞ்சாவே நிக்கும். உரம் பத்தலைன்னு நினைச்சு இந்த நேரத்துல உரத்தைக் கொட்டாதீங்க, காஞ்ச மண்ணுல உரம் உப்பா நின்னு வேரைச் சுடும். வெட்டி விடுறதும் வேண்டாம், இலை தான் அதுக்கு குடை.

தொட்டி விஷயத்துல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. கருப்பு பிளாஸ்டிக் மோசம், மண் தொட்டி குளுமை ஆனா தண்ணி சீக்கிரம் காயும், வெளிர் நிற பேக் நடுவுல. இருக்குறதை மாத்த வேண்டாம், எல்லாத்தையும் நெருக்கி ஒண்ணா வைங்க, பெருசை மேற்கு ஓரத்துல, சின்னதை அதோட நிழல்ல. வெறும் தளத்துல உக்கார வைக்காம ரெண்டு செங்கல் மேல தூக்கி வச்சா அடி சூடு ஏறாது. இதுக்கு அரை மணி நேரம் தான் ஆகும், நெட் வர்றதுக்கு முன்னாடியே இதைச் செஞ்சுடுங்க.

வீட்டுக்குள்ள வந்தா தேர்வு ஃபேன், ஏர் கூலர், ஏசி. ஃபேன் ரூமை குளிர வைக்காது, ஆளைத் தான் குளிர வைக்கும், ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடுனா மோட்டார் சூடு தான் மிச்சம். பழைய சீலிங் ஃபேன் 70, 75 வாட், கம்மி கரண்ட்ல ஓடுற பிஎல்டிசி ஃபேன் 30 வாட் பக்கம், நாள் பூரா ஓடுற வீட்டுக்கு மாத்துறது நல்ல யோசனை. ஆனா ரூம் சூடு 40ஐத் தாண்டிட்டா ஃபேன் காத்து உடம்பை இன்னும் சூடாக்கும்னு உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்குது, வயசானவங்க இருக்குற வீட்டுல இதை கவனத்துல வைங்க. ஏர் கூலர் வறண்ட ஊருக்கு ராஜா, கடலோர கசகசப்புக்கு வெறும் சத்தம் போடுற டப்பா, அதுக்கு ஜன்னல் திறந்திருக்கணும், ஏசிக்கு மூடியிருக்கணும், இதை மாத்திப் பண்றவங்களை நானே பார்த்திருக்கேன். ஏசி இருக்கா, அதுல சொட்டுற தண்ணியை வாளியில புடிங்க, உப்பு கிடையாது, செடிக்கு அருமை, குடிக்க மட்டும் கூடாது. என் வீட்டுல நெட் போட்டதுக்கு அப்புறம் ராத்திரி ஏசியை ரெண்டு மணி நேரத்துல நிறுத்திட முடியுது, முன்னாடி விடிய விடிய ஓடும். வெளிய உள்ளதை விட குளுமை ஆனதும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து விடுறது, காலையில எட்டு மணிக்குள்ள எல்லாத்தையும் மூடுறது, இது செலவே இல்லாத வேலை, ஆனா இதுக்கு ஒருத்தர் ஞாபகம் வச்சுக்கணும், அது எப்பவும் ஒரே ஆளா தான் இருக்காங்க, யாருன்னு சொல்ல வேண்டியது இல்ல.

கொசு பத்தி சொல்றேன்னேன். தொட்டிக்கு அடியில வைக்கிற தட்டு, பறவைக்கு வைக்கிற தண்ணி, மூடாத பானை, எல்லாமே கொசுவுக்கு பிரசவ வார்டு. முட்டையில இருந்து பறக்குற கொசு ஆக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதனால வாரத்துல ஒரு நாள் எல்லாத் தட்டையும் கவுத்து, தேய்ச்சு வைக்கணும், வெறுமனே தண்ணியைக் கொட்டினா ஓரத்துல ஒட்டின முட்டை அப்படியே இருக்கும். பானைக்கு இறுக்கமான மூடி வேணும். என் நாலு பானையில மூணுக்கு மூடி கூடவே வந்துச்சு, நாலாவதுக்கு ஒரு விரிசல் விட்ட சாப்பாட்டுத் தட்டைக் கவுத்து அது மேல ஒரு கல்லை வச்சிருக்கேன், தினமும் காலையில ஒரு காக்கா வந்து அந்தக் கல்லைத் தள்ளிப் பார்க்குது, இன்னும் பெரிய கல் தேடிட்டு இருக்கேன்.